மண்டபம் கேம்ப் முதல் வீட்டு வாசல் வரை: அடைபட்ட காலத்தில் சர்க்கரை நோய்

1/ ராமேஸ்வரம் போறவங்க பாம்பன் பாலத்துக்கு முன்னாடி 'மண்டபம் கேம்ப்'னு ஒரு ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீங்க. இன்னைக்கு அது இலங்கை அகதிகள் முகாமாகத்தான் பலருக்கும் தெரியும். அதுக்கும் முன்னாடி அது ஒரு தனிமைப்படுத்தும் முகாம். கொரோனா ஊரடங்கையும் சர்க்கரை நோயையும் பற்றிப் பேச, அங்கிருந்து தொடங்குறதுதான் சரி.

2/ 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம்ம ஆட்களை அந்நாட்டு அரசு மண்டபத்தில் சில நாட்கள் நிறுத்தி வைத்தது. அம்மை குத்தி, காலரா, பிளேக் அறிகுறி இல்லைன்னு பார்த்த பிறகே கப்பல் ஏற விட்டார்கள்.

3/ அந்த முகாமின் கவலையெல்லாம் கிருமி மேலதான். சர்க்கரை நோய் கணக்கிலேயே இல்லை. இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டதே 1922 ஜனவரியில்தான், கனடாவின் டொராண்டோவில், 14 வயதுப் பையனுக்கு. அதுக்கு முன்னாடி டைப் 1 சர்க்கரை வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு வருஷத்துக்குள் இறந்துபோனார்கள். தினமும் போட வேண்டிய மருந்தே இல்லாதபோது, அது தடைபடும்ங்கிற பயம் எங்கிருந்து வரும்?

4/ சட்டமும் அப்படித்தான். மும்பை பிளேக் காலத்தில், 1897-ல் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020 மார்ச்சிலும் கையில் எடுத்தோம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நம்ம உடம்பு மாறிவிட்டது. 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப்பிரிவு தொடங்கினார். 2011-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வில், தமிழ்நாட்டில் 20 வயது தாண்டியவர்களில் 10.4% பேருக்குச் சர்க்கரை. அதாவது பத்துக்கு ஒருத்தர்!

5/ 2020 மார்ச் 24 ராத்திரி நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் இல்லை, ரயில் இல்லை. ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு 50 கி.மீ.க்கு மேல். "மாத்திரை தீர்ந்துபோச்சு, நாலு நாள் கழிச்சு வாங்கிக்கலாம்"னு ஒருத்தர் விட்டால் சர்க்கரை ஏறும். டைப் 1 நோயாளி இன்சுலினை விட்டால், ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து.

6/ அடுத்தது சாப்பாடு. ரேஷனில் ஆயிரம் ரூபாயோடு விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை கொடுத்தார்கள். பசியைத் தடுத்தது, நல்ல விஷயம். ஆனால் வேலைக்குப் போகாத உடம்புக்கு மூணு வேளையும் சோறுன்னா? சாயல்குடி பக்கம் அப்போ பதநீர் சீசன் வேற. "கருப்பட்டிதானே டாக்டர், அது நல்லதுதானே?" இல்லைங்க. கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

7/ அந்த வருஷ ரமலான் ஏப்ரல் 25-ல் தொடங்கியது. கீழக்கரை, பெரியபட்டினத்தில் எல்லாம் நோன்பு முழுக்க வீட்டுக்குள்ளேயே. நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிக்கு மருந்தின் அளவையும் நேரத்தையும் டாக்டர் மாற்றித் தர வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே நோன்பை முடித்துவிட வேண்டும். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

8/ மார்ச் 25-ல் மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. போனில் பேசி, பழைய சீட்டைப் பார்த்து, அதே மாத்திரையைத் தொடர்ந்து எழுதித் தர வழி பிறந்தது. ஆனால் போனில் காலைத் தொட்டுப் பார்க்க முடியாது. காலில் வந்த சின்னப் புண் கவனிக்காமல் போனால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

9/ 2021 இரண்டாம் அலையில் இன்னொரு அடி. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, கோவிட் தொற்று, அதோடு ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த இடத்தில் கருப்பு பூஞ்சை புகுந்தது. ஸ்டீராய்டு தேவையானவர்களின் உயிரைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனால் அது சர்க்கரையையும் ஏற்றும். பலர் கண்ணையே இழந்தார்கள்.

10/ 2021 ஆகஸ்ட் 5. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. மண்டபம் முகாம் ஆளை அடைத்து நோயைத் தேடியது. நூறு வருஷம் கழித்து, அடைபட்டவனின் வாசலுக்கு மருந்து போக வேண்டும் என்று புரிந்துகொண்டோம்.

11/ அடுத்த பெருந்தொற்றோ புயலோ வரும்போது, நம்ம கடற்கரை மக்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

- ஒரு மாத மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.
- கரண்ட் இல்லையா? மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, இடையில் ஈர மணல். அதில் இன்சுலினை நனையாமல் வையுங்கள். ஐஸில் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண்.
- காய்ச்சல் வந்தாலும் நீங்களாக இன்சுலினை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் பேசுங்கள்.
- சாப்பிட்ட பிறகு 15 நிமிஷம் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நடங்கள்.
- தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள்.

12/ கிருமிக்குப் பயந்து கதவை அடைக்கலாம், தப்பில்லை. உள்ளே இருப்பவருக்கு இன்றைய மருந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடையுங்கள்.