மே மாதம் அறியாத குளவிகள்

உடைத்த கம்பு 2.5 கிலோ, வேர்க்கடலைத் தூள் 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், கந்தகத்தூள் 5 கிராம். பலகாரக் குறிப்பு அல்ல. நெல் அந்துப்பூச்சிக்கு வைக்கும் விருந்து. அகலமான பேசினில் இதைக் கலந்து, அந்துப்பூச்சி முட்டையைத் தூவி, மேலே துணி கட்டி மூடிவைப்பார்கள். வளர்ந்து வெளிவரும் பூச்சிகள் இடும் முட்டைகளைச் சேகரித்து, புற ஊதா விளக்கடியில் வைத்துக் கருவைச் சாகடித்து, கோந்து தடவிய அட்டையில் ஒட்டுவார்கள். பிறகு டிரைக்கோகிரம்மா குளவிகளை அதன்மேல் விடுவார்கள். அரை மில்லிமீட்டர் அளவே தேறும் பூச்சி அது. நாலாம் நாள் வாக்கில் முட்டைகள் கறுத்தால் வேலை முடிந்தது: உள்ளே வளர்வது குளவி. கரும்பைத் தாக்கும் புழுக்களின் முட்டைகளை அழிக்க விவசாயி வாங்கிக் கட்டும் ஒட்டுண்ணி அட்டை இதுதான். 1 சி.சி. அட்டையில் 16,000 முதல் 20,000 முட்டைகள் வரை இருக்கும்.

தென்னிந்தியாவில் இந்த முயற்சி 1930களிலேயே மைசூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் தொடங்கிவிட்டது. 1957இல் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை பெங்களூரில் அமைந்தது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் டிரைக்கோகிரம்மா இனங்களை ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பை வைத்துப் பிரித்தறியலாம் என்று ஆய்வாளர்கள் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1971இல் காட்டினார்கள். கையில் இருப்பது எந்தக் குளவி என்று அதற்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. 1993இல் உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்குநரகம் வந்தது, அதுவும் பெங்களூரில்தான்.

ஊர் குளிர்ச்சியானது. ஆய்வுக்கூடம் அதைவிடக் குளிர்ச்சி. 26, 27 டிகிரியில் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுவதால், ஒரே வருஷத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தலைமுறைகள் வெயிலையே பார்க்காமல் பிறந்து மடியும்.

அந்தக் குளவி போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் முன்பட்டக் கரும்பு டிசம்பர், ஜனவரியில் நடப்படுகிறது. இடைக்கணுப்புழுவுக்கு அட்டை கட்டுவது நாலாம் மாதத்தில் தொடங்கி, 15 நாளுக்கு ஒரு தடவை வீதம் ஆறு தடவை. கணக்கிட்டால் அது நேராக அக்னி நட்சத்திரத்தில் போய் முட்டும். 2003 மே இறுதியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. சென்னையை ஒட்டிய குன்றத்தூர்க்காரர்களுக்கு அந்தக் கோடையை நினைவூட்ட வேண்டியதில்லை.

சூடு ஏறினால் குளவி செத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. பிழைத்தவற்றின் ஆயுள் குறையும், முட்டை குறையும், சிலவற்றின் இறக்கை சுருங்கிப்போகும். முன்கூட்டியே கொஞ்சம் சூடு காட்டிப் பழக்கினால், உடலின் புரதங்கள் குலையாமல் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உருவாகி தாங்குதிறன் கூடும். ஆனால் அதற்குச் செலவாகும் சக்தி, முட்டைக்கும் பறத்தலுக்கும் போக வேண்டிய பங்கிலிருந்துதான் வரவேண்டும். ஒட்டுண்ணிக்குக் கையிருப்போ மிகச் சொற்பம்: ஒரு முட்டைக்குள் கிடைத்த சாப்பாடு, சில நாள் ஆயுள்.

பழக்கினால் போதாது, பரம்பரையையே மாற்றலாம் என்று பெங்களூரில் ஆய்வாளர் எஸ்.கே. ஜலாலியும் உடன் பணியாற்றியவர்களும் முயன்றார்கள். முதலில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தாங்கும் ரகம் தேர்ந்தெடுக்கப்பட்டு 'எண்டோகிராம்' என்ற பெயரில் வெளிவந்தது. பிறகு தலைமுறை தலைமுறையாக வெப்பத்தை உயர்த்தி, 38 டிகிரி வரையிலும் பல பூச்சிமருந்துகளுக்கும் ஈடுகொடுக்கும் ரகத்தை உருவாக்கினார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. எண்டோகிராம் பாடுபட்டுச் சேர்த்த சொத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. வெயில் தாங்கும் ரகத்துக்கு அந்தக் கவலை இல்லை. மே மாதத்தை எந்த நீதிமன்றமும் தடை செய்யப்போவதில்லை.

வெப்பம் வேறொரு வகையிலும் கணக்குத் தீர்க்கும். சில டிரைக்கோகிரம்மா குடும்பங்களில் ஆணே கிடையாது. ஆண் துணையில்லாமலே பெண் பெண்ணைப் பெறும். ஆய்வாளர் ஸ்டௌதாமர் குழுவினர் 1990இல் இவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தும், சூடான சூழலில் வளர்த்தும் பார்த்தபோது ஆண்கள் பிறந்தன. ஆணில்லாப் பிறப்புக்குக் காரணம் உள்ளே குடியிருந்த பாக்டீரியா. வெயிலில் அது அழிந்ததும் பழைய ஒழுங்கு திரும்பியது. பயிரைக் காக்க முட்டை தேடிப் பறப்பவை பெண்கள்தான் என்பதால், அட்டை விற்பவருக்கு இது நல்ல சேதி அல்ல.

எல்லா ஒட்டுண்ணிக்கும் இந்தக் கதி இல்லை. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே தமிழ்நாட்டு வயல்களில் தானே பெருகி மாவுப்பூச்சியை அடக்கியது. அதை மாதாமாதம் அட்டையில் ஒட்டி விடவில்லை. வயலிலேயே பிறந்து, வயலின் கோடையைத் தாங்கியவற்றின் வாரிசுகள்தான் அடுத்த தலைமுறை. அட்டைக் குளவிக்கோ ஒவ்வொரு முறையும் குளிர் அறையிலிருந்தே ஆரம்பம்.

குன்றத்தூர்ப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பிளாட்டுகளுக்குத் தப்பி மிஞ்சிய நெல் வயல்களுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கு இதே அட்டைதான் பரிந்துரை. வாங்கிய அட்டையை வண்டிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, ஒரகடம் சாலையில் டீக்கு ஒதுங்கினால் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பது அங்கே ஷிஃப்டுக்குப் போகும் யாருக்கும் தெரியும். அதனால்தான் வேளாண் அலுவலர்கள் தொழில்நுட்பத்தைவிட நேரத்தைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்: அட்டையை நிழலில் கொண்டு போங்கள், வெயில் ஏறுமுன்னோ இறங்கியபின்னோ இலையின் அடிப்புறத்தில் பின் அடியுங்கள்.