மாடியில் மீட்டர், கீழே கார்

இந்தத் தடவை கொஞ்சம் சரித்திரம்.

நம்ம பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது 1944-ல். தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்து எண்பது வருஷம் தாண்டிவிட்டது. அந்த ஆறு கடலில் சேரும் தூத்துக்குடி மாவட்டத்தில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. கரண்டும் இருக்கு, காரும் இருக்கு. ஆனால் பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் குடியிருப்பவர் அந்தக் காரை எங்கே சார்ஜ் போடுவார்?

இது நூறு வருஷத்துக்கு முந்திய கேள்வி. 1900 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்கார்தான்! வசதியானவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே சார்ஜ் போட்டார்கள். இடமில்லாதவர்கள் மாதக் கட்டணம் கட்டி காரேஜில் விட்டார்கள். அங்கே சார்ஜ் போட்டு, துடைத்து, வாசலில் கொண்டுவந்தே விடுவார்கள். 1912-ல் கையால் சுற்றாமலே பெட்ரோல் கார் கிளம்ப வழி வந்தது. பிறகு மின்கார் மெல்ல மறைந்தது, கேள்வியும் மறந்துபோனது.

2001-ல் பெங்களூருவில் ரேவா வந்ததும் கேள்வி திரும்ப வந்தது. அதற்கு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும். ஆனால் அது கார் நிற்கிற இடத்தில் இருக்கணுமே! தனி வீட்டில் பிரச்சினை இல்லை. அடுக்குமாடியில் மீட்டர் நம் பேரில், பார்க்கிங்கும் சுவரும் எல்லாருக்கும் பொது. 2010-ல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனியாக விற்க முடியாது.

சரி, பொது மீட்டரில் சொருகலாமா? காமர்ஸ் படிப்பவனாக இங்கே எனக்குக் கணக்கு இடிக்கிறது. தமிழ்நாட்டில் 2022 கட்டண மாற்றத்தில் பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் ஆனது. ஒருத்தர் காருக்கு எல்லாரும் பணம் கட்டுவதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அது நியாயம்தானே?

சட்டம் மெதுவாக வந்தது. சார்ஜ் போடும் நிலையம் நடத்த மின் விநியோக உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவாக்கியது. 2019-ல் மாதிரிக் கட்டிட விதிகள், பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்றன. ஆனால் அது புதுக் கட்டிடங்களுக்கு. 2024 பிப்ரவரியில்தான் மின் நுகர்வோர் உரிமை விதிகள் திருத்தப்பட்டு, மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பு கேட்டு வாங்கலாம் என்று ஆனது.

ஆக, பில் யார் பேரில் என்பதற்கு விடை வந்துவிட்டது. பழைய கட்டிடத்தில் வயர் எந்தச் சுவர் வழியாகப் போகும் என்பதை மட்டும் எந்த விதியும் வந்து நமக்காகப் பேசி முடிக்காது. முதல் கார் வாங்கினவர் முதலில் இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், பத்தாவது ஆளுக்கு லோடு மிஞ்சாது. அதனால் சங்கக் கூட்டத்தில் கார் வருவதற்கு முன்னாலேயே பேசுவது நல்லது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கேபிள், ஆளுக்கொரு மீட்டர் என்றால் செலவும் குறையும், சண்டையும் குறையும்!