விட்ட மீன்
“விடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும், சார்?” மெர்போக் ஆற்றில் தூண்டில் போடும் என் மாணவன் கேட்டான். சோற்றுக்கானால் பிடி, விளையாட்டுக்கானால் வேண்டா என்றேன்.

நாகைப்பட்டினத்து அதிபத்தர் நாள்தோறும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டார் என்பது பெரியபுராணம். ஒற்றை மீனே அகப்பட்ட நாள்களிலும் பட்டினி கிடந்து விட்டார். அவருக்கு அதில் இழப்பு உண்டு. வேட்டையாடும் சீமான்களுக்கு ஏது?

ஆனால் காவிரியின் கதை என் விடையை அசைக்கிறது. வெள்ளையர் காலத்தில் மகசீர் என்னும் பெருங்கெண்டையைக் கொன்று எடையில் பெருமை கண்டனர். 1946-இல் மைசூர் வான் இங்கன் பிடித்தது 120 இராத்தல். பிற்காலத்தார் நிறுத்துப் பார்த்து உயிருடன் விட்டனர். முள் தைத்த நோவு மீனுக்கு ஒன்றே. ஆயினும் 1998 முதல் 2012 வரை விட்டவர்கள் எழுதிவைத்த கணக்கைக் கொண்டே, கூன்முதுகு மகசீர் அருகிவிட்டதை ஆராய்ச்சியாளர் கண்டனர். 2018-இல் அம்மீன் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலில் ஏறியது.

மாணவனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.