ஒரு டாலர் பள்ளிக்கூட மனை

பதிவு கொஞ்சம் நீளம். கைவேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். கட்டுமானத் துறையில் இருக்கிறார். பள்ளிக்கூடம் கட்டக் காலி இடம் ஒன்று பார்த்திருக்கிறார்களாம். "முதலில் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யணும்கறாங்க சார். சும்மா கிடந்த நிலத்துக்கு எதுக்கு சார் மதிப்பீடு?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சியை ஒட்டி அதே பெயரில் ஒரு நகரம் உண்டு. 1890-களில் வில்லியம் லவ் என்பவர் அங்கே கால்வாய் வெட்டி, மின்சாரம் எடுத்து, புது நகரமே உண்டாக்கப் போவதாகக் கிளம்பினார். பாதியில் பணம் தீர்ந்துபோனது. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளப் பள்ளம்தான் மிச்சம். அதற்கு 'லவ் கால்வாய்' என்று பெயர் நிலைத்தது. (அவருடைய பெயர்தான், வேறொன்றும் இல்லை. கடைசி பெஞ்சுக்காரர்கள் சிரிக்க வேண்டாம்.)

1942 முதல் ஹூக்கர் என்ற இரசாயன நிறுவனம் அந்தப் பள்ளத்தில் தன் கழிவைக் கொட்டியது. பதினோரு வருடத்தில் ஏறத்தாழ 21,000 டன். நிரம்பியதும் களிமண் போட்டு மூடினார்கள். மேலே புல் முளைத்தது. இப்போது அது காலி நிலம்!

போருக்குப் பின் ஊர் பெருகியது, பிள்ளைகள் பெருகினார்கள், பள்ளிக்கு இடம் தேவைப்பட்டது. 1953 ஏப்ரல் 28 அன்று அந்த நிலம் நகரப் பள்ளி வாரியத்தின் கைக்கு வந்தது. விலை ஒரே ஒரு டாலர். அந்தக் கிரயப் பத்திரத்தில்தான் விஷயமே இருக்கிறது. நிலத்தில் இரசாயனக் கழிவு புதைத்திருக்கிறது என்று வாங்குபவருக்குச் சொல்லியாகிவிட்டது, இனி யாருக்கேனும் காயமோ மரணமோ நேர்ந்தால் நிறுவனத்திடம் கேட்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். கொடுக்காவிட்டால் வாரியம் கட்டாயமாகக் கையகப்படுத்தியிருக்கும், அதனால்தான் கொடுத்தோம் என்று நிறுவனம் பிற்பாடு சொன்னது. இருக்கலாம். ஆனால் அந்த வாசகம் நிறுவனத்தைக் காப்பாற்ற எழுதியது, பிள்ளைகளைக் காப்பாற்ற அல்ல. அதைப் படித்துப் பார்த்தும் கையெழுத்துப் போட்ட வாரியத்தை என்ன சொல்ல? தெரியாமல் நடந்த தவறு என்று ஒருவரும் தப்பிக்க முடியாது.

கட்டுமான வேலை நடக்கும்போதே கழிவு டிரம்கள் தட்டுப்பட்டன. கட்டடம் கட்டும் இடத்தைச் சுமார் 80 அடி வடக்கே தள்ளி வைத்தார்கள். மழலையர் விளையாடும் இடத்தையும் மாற்றினார்கள். அத்தோடு திருப்தி! 1955-இல் 99-ஆம் தெருப் பள்ளி திறந்தது. சுமார் 400 பிள்ளைகள். மைதானத்தில் கிடைத்த சில கற்களை ஓங்கிப் போட்டால் பொறி பறக்கும், பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அங்கிருந்து எடுத்த மண்ணைச் சற்றுத் தள்ளி 93-ஆம் தெருவில் கட்டிய இன்னொரு பள்ளியின் மனையை நிரப்பவும் கொண்டுபோனார்கள். மீதி நிலத்தையும் சும்மா விடவில்லை. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டியதில் களிமண் சுவர் உடைபட்டது.

களிமண் பள்ளம் என்பது ஒரு பெரிய அண்டா மாதிரி. மேல்மூடி பெயர்ந்தால் மழை உள்ளே இறங்கும், நிரம்பினால் வழியும். 1970-களின் நடுவில் மழையும் பனியும் அதிகம். நிலவறைகளில் கறுப்பாக ஏதோ கசிந்தது, நாற்றம் எழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் மைக்கேல் பிரவுன் என்ற நிருபர் தொடர்ந்து எழுதினார். அதைப் படித்தவர்களில் ஒருவர் லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய். அவருடைய மகனுக்குப் பள்ளியில் சேர்ந்த சில மாதங்களில் வலிப்பு வந்திருந்தது. வேறு பள்ளிக்கு மாற்றச் சொல்லி மருத்துவர் சான்றோடு போனார். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று ஒப்புக்கொண்டால் 400 பிள்ளைகளுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று மறுத்துவிட்டார்கள். பதிலிலேயே நியாயம் இருக்கிறது பாருங்கள்! அவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

1978 ஆகஸ்ட் 2 அன்று மாநில சுகாதார ஆணையர் அவசரநிலை அறிவித்தார். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் அங்கிருந்து வெளியேற வேண்டும், பள்ளியை மூட வேண்டும் என்றார். ஐந்தாம் நாள் அதிபர் கார்ட்டரும் அவசரநிலை அறிவித்தார். 23 வருடம் நடந்த பள்ளி அத்தோடு முடிந்தது. 93-ஆம் தெருப் பள்ளியை 1980-இல் மூடினார்கள்.

அதே 1980 டிசம்பரில், மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவை நிலத்தின் இன்றைய உரிமையாளரிடமும் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. 1986-இல் ஒரு திருத்தம். வாங்குவதற்கு முன் நிலத்தின் பழைய வரலாற்றை முறையாக விசாரித்திருந்தால், "எனக்குத் தெரியாது" என்று வாதாடலாம். அதற்குப் பிறகுதான் இந்த மதிப்பீடு அங்கே வழக்கமாக வேரூன்றியது. 1953-இல் ஒரு வாசகம் எழுதித் தப்பித்தார்கள், இப்போது தப்பிக்க வேண்டுமென்றால் விசாரித்தே ஆகவேண்டும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது பணப் பயம்தான். ஆனாலும் இந்தப் பயத்தால் பிள்ளைகளுக்கு நன்மை.

முதல் கட்டத்தில் மண்வெட்டிக்கே வேலை இல்லை. பழைய பத்திரங்கள், விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள், தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்த தெரு வரைபடங்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எந்த மனையில் பட்டறை இருந்தது, எங்கே எண்ணெய்த் தொட்டி இருந்தது என்று அவற்றில் தெரியும். அக்கம்பக்கத்துப் பெரியவர்களை விசாரிப்பார்கள். முழுக்க வரலாற்று ஆசிரியர் வேலை! சந்தேகம் வந்தால்தான் இரண்டாம் கட்டம். துளை போட்டு மண், நிலத்தடி நீர், மண்ணுக்குள் இருக்கும் வாயு எல்லாம் சோதிப்பார்கள்.

சட்டம் வந்த பிறகும் சறுக்கினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் பழைய எண்ணெய் வயலின் மேல் பெரிய பள்ளி கட்டத் தொடங்கினார்கள். மீத்தேன் வாயு விவகாரம் பெரிதாகி வேலை நின்றது. பிறகு நிலநடுக்கப் பிளவும் தெரியவந்தது. கட்டியதில் கொஞ்சம் இடித்து, 2008-இல்தான் பள்ளி திறந்தார்கள். இதற்கிடையில் கலிபோர்னியாவில், மாநில அரசுப் பணத்தில் கட்டும் புதிய பள்ளி மனைகளுக்கு 2000 முதல் இந்த மதிப்பீடு கட்டாயமானது.

தம்பி, மதிப்பீட்டுக்குப் பணம் கொடுத்துவிடு. அந்த அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் பெற்றோருக்கும் காட்டு. மற்றவர்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் படித்த பள்ளி நிற்கும் இடத்தில் அதற்கு முன் என்ன இருந்தது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுவிட்டு எழுதுங்கள்.