இடம் ஒதுக்கும் சட்டமும் வழி சொல்லும் சட்டமும்

அம்பத்தூரில் நெடுங்காலம் லேத் ஓட்டிய டர்னர் ஒருவர் பைக் விபத்தில் வலது கையில் இரண்டு விரல்களை இழந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓஹியோவில் இன்னொரு டர்னருக்கும் அதே கதி. இருவரும் தொழில்சார் மறுவாழ்வு ஆலோசகரிடம் போகிறார்கள். இனி என்ன வேலை செய்ய முடியும் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. ஆனால் அவரவர் நாட்டுச் சட்டம் ஆலோசகர்களை வெவ்வேறு திசையில் நடத்துகிறது. அமெரிக்கச் சட்டம் யாருக்கும் வேலையை ஒதுக்கி வைப்பதில்லை. வேலைக்குப் போகும் வழியை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமையைத் தருகிறது. நம் சட்டம் அரசு வேலையில் இடத்தை ஒதுக்குகிறது. வழியை அவரவர் பாட்டுக்கு விட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் தொழில்சார் மறுவாழ்வுப் பணி முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக 1918-இல் சட்டமாகி, 1920-இல் பொதுமக்களுக்கும் விரிந்தது. 1954-இல் ஆலோசகர்களைப் பல்கலைக்கழகங்களில் பயிற்றுவிக்கக் கூட்டரசு பணம் ஒதுக்கிய பிறகு, முதுகலைப் படிப்பும் சான்றிதழ்த் தேர்வும் கொண்ட தனித் தொழிலாக அது வளர்ந்தது. இந்தியாவில் முதல் தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் 1968-இல் மும்பையிலும் ஹைதராபாத்திலும் வந்தன. சென்னை மையம் கிண்டியில் இருக்கிறது. தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள இம்மையங்கள் இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில்நெறி சேவை மையங்கள் எனப்படுகின்றன. 1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் தொழில் ஆலோசகர்களையும் மறுவாழ்வு வல்லுநர் பட்டியலில் சேர்த்தது.

கைத்திறனைப் பொறுத்தவரை இரண்டு ஆலோசகர்களுக்கும் பாடம் ஒன்றுதான். டர்னருக்குப் போனது விரல், தொழில் போகவில்லை. டிராயிங் படிக்கத் தெரியும். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் பிடிபடும். சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைச் சொல்லிவிடுவார். இதையெல்லாம் பேச்சுவாக்கில் வெளிக்கொண்டுவந்து, தரப் பரிசோதனைக்கோ சிஎன்சி புரோகிராமுக்கோ பொருத்திப் பார்ப்பது முதல் வேலை. அடுத்தது, பட்டறைக்கே போய்ப் பார்ப்பது: எத்தனை கிலோ தூக்க வேண்டும், ஒரு ஷிப்டில் எத்தனை முறை பிடியை இறுக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். மைக்ரோமீட்டரை ஸ்டாண்டில் மாட்டிக் கொடுத்தால் அளக்க ஒரு நல்ல கை போதும். மூன்றாவதுதான் கடினம். "பழையபடி லேத்துக்கே போறேன்" என்று பிடிவாதம் பிடிப்பவரையும், "இன்னொரு விபத்து நடந்தா யார் சார் பொறுப்பு?" என்று கேட்கும் முதலாளியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தத் திறமைகளை எங்கே செலவிட வேண்டும் என்பதில்தான் பாதை பிரிகிறது. ஓஹியோ ஆலோசகர் ஊனத்தின் சதவீதத்தைக் கேட்பதில்லை. அது வேலைக்குப் பெரிய தடையா, தாண்ட உதவி தேவையா என்று பார்க்கிறார். விண்ணப்பித்த 60 நாளில் தகுதியைச் சொல்லியாக வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் தனிநபர் வேலைத் திட்டம் எழுதப்பட வேண்டும். என்ன வேலை இலக்கு, என்ன பயிற்சி, யார் செலவு, எப்போது முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பதாரரும் ஆலோசகரும் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பதாரர் விரும்பினால் தானே எழுதலாம். வேலையில் சேர்ந்த அன்றே கோப்பை மூடிவிட முடியாது. குறைந்தது 90 நாள் நிலைத்தாரா என்று பார்த்த பிறகுதான் மூடலாம். ஆலோசகரிடம் பயிற்சிக்கும் கருவிக்கும் செலவிட நிதியும் உண்டு.

அம்பத்தூர்க்காரருக்கு முதல் படி மருத்துவச் சான்று. ஊனம் 40 சதவீதத்தைத் தொட்டால்தான் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கு அவர் தகுதி பெறுவார். இரண்டு விரல் அதற்குப் போதுமா என்பது சந்தேகம். கிண்டி போன்ற மையங்களில் மருத்துவம், உளவியல், தொழில் என்று மூன்று கோணத்திலும் மதிப்பிடுவார்கள், பயிற்சியும் தருவார்கள். ஆனால் இத்தனை நாளில் திட்டம் கைக்கு வர வேண்டும் என்று கேட்க 2016 சட்டத்தில் இடமில்லை. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்கிற நல்ல பாதுகாப்பும் அரசு ஊழியருக்குத்தான்.

அதற்காக அமெரிக்க ஏற்பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். நிதி போதாவிட்டால் கடுமையான ஊனமுள்ளவர்களுக்கே முதலிடம். ஓஹியோ டர்னர் காத்திருப்போர் பட்டியலில் நிற்க நேரலாம். எவ்வளவு அழகாகத் திட்டம் எழுதினாலும் முதலாளி கதவைத் திறந்தால்தான் உண்டு. 1990-ஆம் ஆண்டு அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பாகுபாடு காட்டக்கூடாது, நியாயமான வசதி செய்து தர வேண்டும். ஆனால் இடம் ஒதுக்கும் கட்டாயம் இல்லை. பார்வையற்ற ஒருவர் ஒதுக்கீட்டில் அரசுப் பணிக்குள் நுழையும் உறுதி நம்மிடம்தான் இருக்கிறது.

ஆக, ஒதுக்கீட்டைக் குறைத்துத் திட்டத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வது வீண்பேச்சு. ஒதுக்கீடு எட்டாத இடத்தில் என்ன செய்வது என்பதே கேள்வி. வேலை ஒதுக்குவதைப் பொறுத்தவரை தனியார் துறைக்கு நம் சட்டம் சொல்வது ஊக்கத்தொகை மட்டுமே, கட்டாயம் இல்லை. லேத்தும் தையல் மெஷினும் ஓடுகிற பெரும்பாலான வேலைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே சான்றிதழைக் காட்டி எதுவும் நடக்காது. முதலாளியிடம் நேரில் போய்ப் பேசும் ஆலோசகர்தான் கதவு. அவர் கையில் நாளும் கையெழுத்தும் உள்ள ஒரு திட்டம் இருப்பது அமெரிக்காவைவிட இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.