கண்ணுக்கு யார் பணம் கட்டுவது? ஓசூர் தொழிலாளியும் இ.எஸ்.ஐ. கணக்கும்

ஓசூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரோஜாப்பூவும் தொழிற்சாலைகளும்தான். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, இங்கே கைக்கடிகாரம் செய்தன. லேத் ஓட்டுபவர், வெல்டிங் செய்பவர், கடிகாரத்தின் சின்னஞ்சிறு பல்சக்கரத்தைப் பொருத்துபவர்... இவர்கள் எல்லோருக்கும் மூலதனமே கண்தான். அந்த மூலதனத்தின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது? இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

கண்ணுக்குப் போட்ட விலை

முதலில் சட்டம் கண்ணைப் பார்த்தது நஷ்ட ஈடாகத்தான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை உண்டு. மற்ற கண் நன்றாக இருக்க, ஒரு கண்ணையே இழந்தால் 40 சதவீத இழப்பு. கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். பார்வை தேவைப்படும் எந்த வேலையும் செய்ய முடியாத அளவுக்குப் போய்விட்டால் 100 சதவீதம். அந்தப் பணத்தை முதலாளி தர வேண்டும். அவர் இழுத்தடித்தால் தொழிலாளி வழக்குக்காக அலைய வேண்டியதுதான்.

இந்த நிலையை மாற்றும் வழியைப் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944இல் தந்த அறிக்கை காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆவது பிரிவு, தூளும் தீப்பொறியும் தெறிக்கும் வேலைகளில் தடுப்புத் திரையோ பாதுகாப்புக் கண்ணாடியோ தரவேண்டும் என்றது.

உண்டியலா, பொதுப் பானையா?

மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே பணம் சேர்க்க உலகில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவரவர் பெயரில் உண்டியல். சிங்கப்பூர் 1984இல் 'மெடிசேவ்' கணக்கைக் கொண்டு வந்தது. சம்பளத்தில் ஒரு பகுதி அதில் சேரும். கண்புரை அறுவைக்கு அதிலிருந்து எடுக்கலாம், மூக்குக் கண்ணாடி வாங்க எடுக்க முடியாது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2004இல் 'சுகாதாரச் சேமிப்புக் கணக்கு' வந்தது. அதில் கண் பரிசோதனை, கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் எல்லாவற்றுக்கும் வரியில்லாமல் பணம் எடுக்கலாம். மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும்.

இரண்டாவது வழி, எல்லோரும் போட்டு, தேவைப்பட்டவர் எடுக்கும் பொதுப் பானை. இ.எஸ்.ஐ. இந்த வகை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், 650 ரூபாய். மொத்தம் 800. (அதற்கு முன்பு 1.75, 4.75 சதவீதமாக இருந்தது.) இந்த 800 உண்டியலில் போயிருந்தால், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் கண்ணில் இரும்புத் துகள் தெறித்தவரிடம் இருப்பது 1,600 ரூபாய் மட்டுமே. அதை வைத்து என்ன செய்ய முடியும்? பொதுப் பானையில் அப்படி இல்லை. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, எத்தனை மாதம் சந்தா கட்டினார் என்ற கேள்வியே கிடையாது. ஒரு கண்ணின் பார்வை போனால் 90 சதவீதச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது மாதம் சுமார் 5,400 ரூபாய், ஆயுள் முழுவதும் வரும்.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஜுஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். மாநிலக் காப்பீட்டுத் திட்டங்கள் அந்தந்த மாநிலக் குடும்பங்களுக்கானவை. இ.எஸ்.ஐ. மத்தியச் சட்டம் என்பதால் இரண்டு பக்கமும் அதே உரிமைதான்.

விட்டுப்போன கண்ணாடி

ஆனால் பானையில் ஒரு ஓட்டை இருந்தது. மூக்குக் கண்ணாடி, வேலைக் காயத்தால் பார்வை பாதிக்கப்பட்டவர்களுக்கு என்றே விதிகளில் இடம்பெற்றது. 40 வயதைத் தாண்டியதும் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து காயம் அல்ல, எனவே அந்தச் செலவு சொந்தப் பணம். கண் போன பிறகு மாதம் 5,400 தரும் ஏற்பாடு, இருக்கும் கண் நன்றாகத் தெரிய சில நூறு ரூபாய் தரவில்லை என்பது வேடிக்கையான முரண்.

இது வீண் செலவும் அல்ல. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. வெள்ளெழுத்துக்கான கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி, பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிக்கும் வேலையிலேயே இப்படி என்றால், பல்சக்கரம் பொருத்தும் மேசையில்?

இன்னொரு சிக்கல் சம்பள உச்சவரம்பு. 2017 ஜனவரியில் அது 21,000 ரூபாய் ஆனது. அனுபவம் கூடிச் சம்பளம் அதைத் தாண்டும் வயதும், வெள்ளெழுத்து வரும் வயதும் பலருக்கு ஒன்றுதான்!

வணிகவியலில் முதல் பாடமே இதுதான்: எப்போது வரும் என்று தெரியாத இழப்புக்குக் காப்பீடு, நிச்சயமாக வரும் செலவுக்குச் சேமிப்பு. இரும்புத் துகள் முதல் வகை. வெள்ளெழுத்து இரண்டாவது வகை. முதல் வகைக்கு 1948இலேயே விடை கிடைத்துவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதும் இ.எஸ்.ஐ. அதற்குள் தொடர்ந்தது. அந்த 800 ரூபாயில் பத்து ரூபாயை மட்டும் தொழிலாளியின் பெயரில் தனியாக ஒதுக்கினால்கூட, ஐந்து ஆண்டில் 600 ரூபாய் சேரும். எளிய படிக்கும் கண்ணாடி ஒன்றுக்கு அது போதும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?