ஆர்டுயினோ அலையாக்கி
ஆர்டுயினோ அலையாக்கி என்பது ஆர்டுயினோ ஊனோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையைக் கொண்டு, வேண்டிய அதிர்வெண்ணில் சதுர அலைகளைத் தோற்றுவிக்கும் அமைப்பு ஆகும். ஒலிபெருக்கிச் சுற்றுகளைச் சோதிக்கப் பொழுதுபோக்கு மின்னணுவியலாளர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இப்பலகையிலுள்ள அட்மெகா328பி சில்லு, நொடிக்கு 1.6 கோடி கடிகாரத் துடிப்புகளில் இயங்குகின்றது. அதிலுள்ள 16 பிட் டைமர் இத்துடிப்புகளை எண்ணி, குறித்த எண்ணிக்கையை எட்டியதும் 9-ஆம் முனையின் மின்னழுத்த நிலையை மாற்றிவிட்டு, மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். நிலை இருமுறை மாறினால் ஓர் அலை முழுமையாகும். எனவே 1 கிலோஹெர்ட்சு அலைக்கு 8000 துடிப்புகளுக்கு ஒருமுறை நிலை மாறவேண்டும். எண்ணிக்கையை ஒன்று கூட்டினால் அதிர்வெண் 0.125 ஹெர்ட்சு மட்டுமே குறையும். 1 மெகாஹெர்ட்சு அலைக்கோ 8 துடிப்புகளே உள்ளன. ஒன்றைக் குறைத்தாலே அதிர்வெண் 1.14 மெகாஹெர்ட்சுக்குத் தாவிவிடும். இடைப்பட்ட எதனையும் இம்முறையில் பெற இயலாது. வானொலிச் சுற்று அமைப்போருக்கு இது பெருங்குறை. நிரலைத் திருத்துவதால் இது தீராது, எண்ணிக்கை முழு எண்ணாகவே இருக்கவேண்டும் என்பதால்.

இதற்கு மாற்றாக ஏடி9833 என்னும் சில்லு பலகையுடன் இணைக்கப்படுவதுண்டு. இது ஒவ்வொரு துடிப்பிலும் ஓர் எண்ணை 28 பிட் பதிவகத்தில் கூட்டிக்கொண்டே செல்லும். பதிவகம் நிரம்பி வழியும்போது ஓர் அலை முடியும். கூட்டப்படும் எண்ணே அதிர்வெண்ணை முடிவுசெய்கின்றது. 25 மெகாஹெர்ட்சு கடிகாரத்தில், எந்த அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ 0.1 ஹெர்ட்சு படிகளில் மாற்றலாம். சைன் அலையும் கிடைக்கும். எனினும் 12.5 மெகாஹெர்ட்சை நெருங்கும்போது ஓர் அலைக்கு இரண்டு புள்ளிகளே அமைவதால், வடிகட்டி இன்றேல் அலைவடிவம் சிதைந்துவிடும்.